முழங்காலுக்கு வாங்கிய மாத்திரை

இந்த ஊரில் மருந்து வாங்கினாலும் டப்பாவைத் திருப்பி, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கும்பகோணத்தில் தலைவலி மாத்திரையிடம் யாரும் கோத்திரம் கேட்டதில்லை. கடல் கடந்து, கிள்ளானில் ஒரு முருகன் கோயில் மடைப்பள்ளியில் சமைக்க வந்தவன் நான். சிமெண்ட் தரையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. பூஜைச் சாமான் வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போன ஒருநாள் மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். சீனப் பெண் ஒருத்தி, மூட்டுக்கு நல்லது என்று குளுக்கோசமைன் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். நான் வெஜிடேரியன், சாப்பிடலாமா என்று கேட்டேன்.

"கேன் ஈட், அங்கிள். ஹலால். நோ போர்க், நோ பீஃப்."

மாடும் இல்லை, பன்றியும் இல்லை, அப்புறம் என்ன இருக்கப்போகிறது என்று வாங்கி வந்துவிட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரே மாதத்தில் வலி குறைந்தது. பொங்கல் அண்டாவை நானே இறக்கினேன். மகள் படிப்பு முடியும்வரை தாக்குப்பிடித்துவிடலாம் என்று தெம்பு வந்தது.

அதற்கும் ஆயுசு இல்லை. மடைப்பள்ளியில் காய் நறுக்கித் தரும் சரோஜா அக்கா, தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏற விரதம் இருந்தார். அவருக்கும் மூட்டுவலி. தானும் வாங்கலாமே என்று டப்பாவை எடுத்துப் படித்தவர் முகம் மாறிவிட்டது.

"ஐயரே, இது ஊடாங் ஓட்டுல செஞ்சதுலா. இறாலு. நண்டுகூட போட்டிருக்கான்."

அவர் விரல் வைத்த பொடி எழுத்தைக் குனிந்து பார்த்தேன்.

"மருந்துதானே, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா நான் விரதம், எனக்கு வேணாம்" என்று டப்பாவை என் பக்கமே தள்ளினார்.

ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். என் அப்பா வெளியில் ஒரு காபி குடித்தால்கூடக் குளித்துவிட்டுத்தான் மடைப்பள்ளி அடுப்பைப் பற்றவைப்பார். நானோ இதை விழுங்கிவிட்டு நைவேத்தியம் செய்திருக்கிறேன். அன்றோடு நிறுத்தினேன். கொஞ்ச நாளில் கால் பழையபடி பூட்டிக்கொண்டது. வேலை பெர்மிட் புதுப்பிக்கும் நேரம் வேறு. நொண்டுகிறவனுக்குக் கோயில் நிர்வாகம் எதற்குக் கையெழுத்துப் போடும்? ஊருக்கே வந்துவிடட்டுமா என்று மனைவியிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ. தெரிஞ்சா எந்தக் கோயில்ல உங்களை அடுப்புகிட்ட விடுவா? எப்படியாவது அங்கேயே இருந்துடுங்கோ" என்றாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

இன்று காலை மறுபடியும் ஒரு மாத்திரையை விழுங்கினேன். வேறு வழி தெரியவில்லை. பிறகு பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு சன்னதி வாசல்வரை போனேன். உள்ளே மணி அடித்தது, குருக்கள் கையை நீட்டினார். படியைத் தாண்ட மனசு வரவில்லை. அங்கேயே இறக்கி வைக்கலாம் என்றால் முழங்கால் மடங்கவில்லை. சுடுகிற பானையோடு நிலைப்படியிலேயே நின்றேன்.

"ஐயரே, கொஞ்சம் தள்ளுங்கலா" என்றார் பின்னால் நின்ற யாரோ. "சாமி தெரியல."