அட்டைப் பாதையில் முன்னே போனவள்

ஹொஸ்டலில் என் அறையில் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். ஒல்லி. சிரித்தால் ஒரு பக்கத்துப் பல் மட்டும் தெரியும். மழை நாளில் வெளியே போகுமுன் சவர்க்காரக் கட்டியைக் காலில் முழங்கால்வரை தேய்த்துக்கொள்வாள். தேய்த்தால் இரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறாது. கொழுந்தெடுக்கும் பெண்கள் செய்வதுதான்.

"கொழுந்து பறிக்கிற கைக்குப் பேனை எதுக்கு?" என்று ஒரு சீனியர் அக்கா சாப்பாட்டு மேசையில் அவளைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். இவள் சோற்றிலிருந்து தலையை எடுக்கவில்லை. என் அம்மாவும் கொழுந்தெடுத்தவள்தான். நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

மறுவாரம், மழை விட்ட கையோடு, சீனியர்கள் ஹந்தானை மலை பார்க்கக் கிளம்பினார்கள். இவள்தான் வழிகாட்ட வேண்டுமாம். என்னையும் இழுத்துக்கொண்டாள்.

"அட்டை இருக்குமா?" என்றாள் அந்த அக்கா.

"மழ விட்டா வராதுங்க அக்கா. செருப்பே போதும்."

சற்றுமுன்தான் என் காலுக்கும் சவர்க்காரம் தேய்த்துவிட்டிருந்தாள். நானும் செருப்பையே மாட்டிக்கொண்டேன்.

ஈரப் புல்லாகப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப்போனாள். திரும்பும்போது அக்காவின் வெள்ளைப் பாவாடை முழுக்க இரத்தம். அவள் கத்தக் கத்த, இவள் குந்தியிருந்து ஒவ்வோர் அட்டையாகப் பிடுங்கிப் பத்திரமாகப் புல்லில் விட்டாள்.

"நசுக்கித் தொலையேன்டி" என்றேன் காதோடு.

"பாவம்டி. நமக்காகத்தானே கடிச்சிச்சு."

அந்த அக்காவுக்காக இன்றுவரை நான் ஒரு சொட்டும் வருந்தியதில்லை. அட்டையை மட்டும் மிதிப்பதில்லை.