வளைவில் கேட்கும் வார்த்தைகள்

நாகஜோதி என் வண்டியில் ஏறினால் எனக்குத் தலைவலி ஏறும். ஆமத்தூரிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் என்னுடையது. எனக்குப் பொறுமை குறைச்சல், அதை ஊரே சொல்லும். வண்டியில் பாட்டுச் சத்தம்கூட ஆகாது. அப்படிப்பட்டவனுக்குப் பின்னால், முதல் சீட்டில்தான் அவள் உட்காருவாள். கம்பெனியில் சரம் பின்னும் வேலை அவளுக்கு. ரோட்டில் போகிறவரை வாயைத் திறக்கமாட்டாள். கருவேலங்காட்டை ஒட்டிக் கம்பெனிப் பாதைக்குத் திரும்புகிற வளைவு வந்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

“முத்துப்பாண்டியண்ணே, மத்தாப்புங்கிற பேரு எங்கன இருந்துண்ணே வந்துச்சு?”

“ஏ தாயி, ஆளை விடு. வண்டி ஓட்டணும்.”

விட்டாளா? அடுத்த வாரமே பதிலோடு வந்தாள். பேக்கிங்கில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் ஒருவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். மஹ்தாப் என்றால் நிலா வெளிச்சமாம். பாரசீகத்திலிருந்து வடக்கே வந்து, அங்கிருந்து நம் ஊருக்கு நடந்து வந்த சொல்லாம்.

“நிலா வெளிச்சத்தையா நாம கம்பியில முக்கிக் காயப்போட்டுப் பொட்டியில அடைச்சிக்கிட்டு இருந்தோம்!” என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

சில சமயம் உளறவும் செய்வாள். ‘பட்டென்று வெடிக்க ஆசை, அதனால் பட்டாசு’ என்று ஒருநாள் சொல்ல, வண்டியே சிரித்துவிட்டது. அதற்கெல்லாம் கூச்சப்படுகிற ஆளில்லை அவள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. கேட்டால், “அடுப்புல சுட்டது” என்பாள். அடுப்பில் சுட்டதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அவசரம் என்ற சொல்லை அவள் துரத்தியதுதான் பெரிய கூத்து. லோடு எடுக்க வந்த ஆந்திராக்காரருக்கு அவசரம் என்றால் தேவை. கேரளா லாரி டிரைவருக்கு அது வாய்ப்பு. நமக்கோ பறக்கப் பறக்க ஓடுவது. கடைசியில் பெருமாள் கோயில் பட்டரிடம் போய் நின்றிருக்கிறாள். வடமொழியில் அதற்குத் தக்க வேளை என்று பொருள் சொன்னாராம்.

“தக்க வேளையா இருந்தது நம்ம ஊருக்கு வந்து ஏண்ணே இந்தப் பாடு பட்டுச்சு?”

“சீசன் சமயத்துல வந்து இறங்கியிருக்கும்” என்றேன். அன்றுதான் முதல்முறையாக என் பேச்சுக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “எங்க ஊர்ல ஒபொசொரொன்னா ஓய்வு. மாமா வேலையிலிருந்து ஒபொசொரொ ஆயிட்டார்.” ஒடிசாவிலிருந்து அண்ணனோடு வந்து பேக்கிங்கில் சேர்ந்திருந்த மினதி அவள். நாகஜோதி அப்படியே திரும்பிப் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். ஒடியாக்காரர் வாயில் நம் அகரம் பாதி ஒகரமாக உருளும் என்பதை அன்றே பிடித்துக்கொண்டாள். பிலா என்றால் பிள்ளை, சமுதுணி என்றால் சம்பந்தியம்மா என்று தினம் ஒன்றாக வந்து சொல்வாள். இந்த ஆராய்ச்சிக்காக மினதியை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். வீட்டில் காளீஸ்வரன் இருந்தான், அவளுடைய ஒரே மகன். சிவகாசி அச்சகத்தில் லேபிள் வெட்டுகிறவன். அப்புறம் நடந்ததை நான் வேறு சொல்ல வேண்டுமா?

கல்யாணத்துக்கு மினதியின் அண்ணன் சம்மதித்துவிட்டான். ஊரில் இருக்கிற அம்மாதான் சம்மதிக்கவில்லை. எங்கோ ஒரு பட்டாசு ஷெட் வெடித்துச் சிதறுவதை அந்த அம்மா போனில் பார்த்திருக்கிறாள். ‘நேரில் வந்து பார்ப்பேன், மனசு ஒப்பினால் கல்யாணம், இல்லையென்றால் பிள்ளையைக் கையோடு கூட்டிப்போவேன்’ என்று சொல்லிவிட்டாள். நாகஜோதிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணை மருமகளாக அல்ல, மகளாகவே நினைத்துவிட்டாள். ‘வாருங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள்’ எல்லாவற்றையும் ஒடியாவில் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

மினதியோடு விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போய் அவள் அம்மாவை அழைத்துவந்தது நான்தான். வாடிப்போன மெலிந்த பொம்பளை. வழியெல்லாம் மகள் கையை விடவே இல்லை. வண்டியை நாகஜோதியின் தெருவுக்குள் திருப்பினேன். சம்பந்தம் பேச வருகிறவர்களை வேட்டுப் போட்டு அழைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. வேட்டு இல்லாவிட்டால், வந்தவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தம். நாகஜோதி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவள் தம்பி சின்னச்சாமிக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டிருக்கிறது. தெரு நெடுக பத்தாயிரம் வாலாவை விரித்துவைத்துக் காத்திருந்தவன், என் வண்டி தலைகாட்டியதும் பற்றவைத்துவிட்டான்.

தெரு முழுக்கப் புகை. அந்த அம்மா சீட்டிலிருந்து சரிந்து, மகளைக் கீழே தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். முந்தானையால் மகள் தலையை மூடினாள். வெடித்து முடிகிறவரை அப்படியே கிடந்தாள்.

புகைக்குள்ளிருந்து சின்னச்சாமி பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். “எப்படி நம்ம வரவேற்பு?”

“ஏலே, கூறுகெட்டவனே! வெடிக்குப் பயந்து வந்திருக்கிற பொம்பளைக்கு வெடியப் போட்டா வரவேற்பு வைப்பே?” என்று கத்தினேன். கை ஓங்கியேவிட்டேன். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அந்த அம்மா எழுந்தாள். இறங்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொல்லி எனக்குச் சைகை காட்டினாள். மினதி அழுதாள். “ரயிலுக்குப் போகணுமாம். நானும் கூட வரணுமாம்.” காளீஸ்வரன் வாசலில் சிலை மாதிரி நின்றான்.

நாகஜோதி வண்டிக்குள் ஏறினாள். வாயைத் திறந்தாள். பழகிவைத்த ஒரு சொல்கூட வரவில்லை. தன்னுடைய வழக்கமான முதல் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “பொயொ. பொயொ லாகுச்சி.”

மினதி அதற்குத் தமிழ் சொல்ல வாயெடுத்தாள். நாகஜோதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“புரியுது. பயம்.” என்றாள். “எனக்கும் பயந்தான் தாயி. தெனமும். கம்பெனி வளைவுல வண்டி திரும்புச்சுன்னா, சாயந்தரம் திரும்பி வருவமான்னு தோணும். வெளிய சொன்னா மத்தவுகளும் பயந்துருவாகளேன்னுதான், அது என்ன வார்த்தை, இது என்ன வார்த்தைன்னு வாய் ஓயாம இந்த அண்ணன்கிட்டக் கேட்டுக்கிட்டே போயிருவேன். அம்புட்டு வார்த்தை கேட்டேன். இந்த ஒரு வார்த்தையை மட்டும் யாருகிட்டயும் கேக்கல.”

மினதி அழுதபடியே அதை ஒடியாவில் சொன்னாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை காலை, ‘ஆளை விடு’ என்று இவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்!

அந்த அம்மா நாகஜோதியின் இடது கையை இழுத்து, தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். “நான் பட்டாசு வேலைக்குப் போகக்கூடாதாம்” என்றாள் மினதி.

“போக விட மாட்டேன். காளீஸ்வரனோட அச்சகத்துக்கே போகட்டும். என் புள்ளை மேல சத்தியம்.”

அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “ஆஉ துமே, சமுதுணி?” என்றாள்.

சமுதுணி என்று கேட்டதும் நாகஜோதிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. சம்பந்தி என்று கூப்பிட்டாகிவிட்டது, இனி கல்யாணம் நிற்காது. முன்பாதிக்கு மினதி தமிழ் சொன்னாள்: “அப்போ நீங்க? நீங்க மட்டும் போகலாமான்னு கேக்குறாங்க.”

நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இறங்குங்க, காபி ஆறுது” என்றாள்.

தையில் கல்யாணம், வேட்டு கூடாது, குலவை மட்டும் போதும் என்று பேசி முடித்தார்கள். ரெண்டு நாள் இருந்துவிட்டு அந்த அம்மா கிளம்பினாள். நாகஜோதியையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுவிட்டேன்.

மறுநாள் காலை நாகஜோதி முதல் சீட்டில் இருந்தாள். மினதி இல்லை, அவள் அச்சகத்துக்குப் போய்விட்டாள். ரோடு முடிந்து கருவேலங்காடு வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்றைக்கு அவளிடம் கேள்வி இல்லை.

“ஏ நாகஜோதி” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “உன் சம்பந்தியம்மா ரயில் ஏறும்போது என்னமோ சொன்னாகளே, அதென்ன வார்த்தை?”

கண்ணாடியில் அவள் முகம் மலர்ந்தது. “ஆசுச்சி. வாரேன்னு அர்த்தம். அவுக ஊர்லயும் போறேன்னு சொல்ல மாட்டாகளாம்ணே! நம்மள மாதிரியேதான். ஒரே நெனப்பு, பாத்தீகளா? இது எங்கன இருந்து எங்கன போயிருக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? விசாரிச்சுச் சொல்லு.”

கேட்டில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கி, என் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

“ஆசுச்சிண்ணே” என்றாள்.

“சாயந்தரம் இங்கனயே நிப்பேன். வந்து சேரு” என்றேன்.