பால் காய்ச்சிய வீட்டில் பரணிதரன்

என் நண்பன் பரணிதரன் ஒன்பது வருடமாகப் பால் குடிப்பதில்லை. இதைச் சொன்னதும் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆமாம், தயிரும் கிடையாது. நெய்யும் கிடையாது. "மோருல என்னங்க இருக்கு, பாதி தண்ணிதான?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அதை அவனிடம் கேட்காத ஆள் அரியலூர் மாவட்டத்தில் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் விக்கிரமங்கலத்துக்காரர்கள். அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் வேலை. லாரி ஏறும், எடை பார்ப்போம், சீட்டைக் கிழித்துக் கொடுப்போம். தத்துவம் முளைக்க வாய்ப்பே இல்லாத இடம். அங்கேதான் ஒருநாள் பத்து மணி டீயைத் தள்ளி வைத்தான்.

"என்னடா, சூடு இல்லையா?" என்றேன்.

"எங்க மாடு ரெண்டு நாளா கத்துதுடா. காளைக்கன்னுன்னு பன்னெண்டாம் நாளே லாரியில ஏத்திட்டாரு எங்கப்பா. காலையில காபி எறங்கல."

"நாலு நாள்ல எறங்கும்" என்றேன். அலுவலகத்தில் எல்லோருமே தாராள மனசுக்காரர்கள், அவனுக்கு மூன்று மாதம் வரை தவணை கொடுத்தார்கள். கறி, முட்டை, பால், தேன் எல்லாம் போயின. மூன்று மாதமும் போனது. காபி இறங்கவில்லை.

பிறகு வீட்டிலிருந்து பிளாஸ்க் வந்தது. முதலில் நிலக்கடலைப் பால். அப்புறம் உடையார்பாளையத்து முந்திரியை ஊறவைத்து அரைத்து ஏதோ ஒன்று. ஒருமுறை அந்த டீயை எனக்கும் ஊற்றினான். மேடையைக் கழுவிவிட்ட தண்ணீரில் சர்க்கரை போட்டது போல இருந்தது. "எப்டி?" என்றான் ஆவலாக. "புண்ணியம் நல்லா தெரியுது" என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

இதற்குத் தமிழில் நனிசைவம் என்று பெயராம், எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். ஏழு கறவை மாட்டுக்குச் சொந்தக்காரரான அவன் அப்பா வைத்திலிங்கமும் ஒரு பெயர் வைத்திருந்தார். அதை அச்சில் போட முடியாது.

பெண் பார்க்கப் போன இடத்தில் ஜானகி நீட்டிய காபியை வேண்டாம் என்றான். பெண்ணையே வேண்டாம் என்கிறான் என்று அந்த வீட்டில் அழுகை கிளம்பிவிட்டது. அன்று மாலை அவளுக்குப் போன் போட்டு நாற்பது நிமிடம் மாட்டைப் பற்றிப் பேசினான். அதைக் கேட்ட பிறகும் ஜானகி கட்டிக்கொண்டாள், அவள் பொறுமைக்கு வேறு சான்று தேவையில்லை. இன்றும் அவள் தனியாகத் தயிர் உறை ஊற்றித் தனியாகச் சாப்பிடுகிறாள். சிறுவாச்சூர் கோயிலுக்குச் சேர்ந்து போனால் அவன் பங்கு நெய்ப்பொங்கல் எனக்கு வரும். அவனுடைய கொள்கை ஒன்பது வருடமாக என் இடுப்பில்தான் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாக இருந்தது, நான் வீடு கட்டி முடிக்கும் வரை.

என் அப்பா ராசாங்கம் இருபத்திரண்டு வருடம் வைத்திலிங்கத்தின் வயலில் உழைத்தவர். அந்த வீட்டு ஆள் ஒருவர்கூட எங்கள் தெருவுக்குள் வந்து ஒரு வாய் எதையும் வாங்கிக் குடித்தது கிடையாது. புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த வூட்டு ஆளுங்க வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போவணும்டா. எனக்கு அது போதும்."

மாடி வைத்துக் கட்டியிருந்தேன், கிரானைட் போட்டிருந்தேன். அதெல்லாம் அவர் கண்ணில் படவேயில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உடம்புக்கு ஆகாது, பசியில்லை, கொள்கை என்பதெல்லாம் அகராதியில் இருக்கலாம், தெருவில் இல்லை.

பரணியிடம் சொன்னேன். "ஒரே ஒரு வாய். மருந்துன்னு நெனச்சி முழுங்கிடு."

"நான் வரலன்னா?" என்றான்.

"அது இத விட மோசம்."

"ஒம்பது வருஷம்டா, வீரமணி."

"எங்கப்பாவுக்கு அறுபத்தெட்டு வருஷம்" என்றேன். அவன் லாரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

அன்று காலை ஏழு மணிக்குப் பால் பொங்கி, நல்லபடியாகக் கிழக்குப் பக்கமே வழிந்தது. என் மனைவி வெற்றிச்செல்வி டம்ளர்களில் ஊற்ற, யாரையும் எடுக்க விடாமல் அப்பாவே தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். வைத்திலிங்கம் வெள்ளை வேட்டியில் காரில் வந்து இறங்கினார். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்து, காலி டம்ளரை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தார். நாலைந்து செல்போன்கள் படம் எடுத்தன. "இவருதான்யா பெரிய மனுசன்" என்று யாரோ சொன்னார்கள். அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

அடுத்த டம்ளர் பரணிக்கு. அப்பா இரண்டு கையாலும் நீட்டினார். பரணி கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, மன்னிச்சிக்குங்க. நான் பால் குடிக்கிறதில்லீங்க."

அப்பா நீட்டிய கை அப்படியே நின்றது. "அப்பன் குடிச்சாரு, படிச்ச மவன் குடிக்கல பாரு" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. மாட்டுக்கு இரங்கத் தெரிந்தவனுக்கு ஒரு கிழவனுக்கு இரங்கத் தெரியவில்லை. அவனை ஓரமாக இழுத்துப் போய், "கெளம்பு. இனிமே எடைமேடையில பாத்தா போதும்" என்றேன். அவன் முகம் வெளுத்துப் போனது. ஆனால் கிளம்பவில்லை.

"அவன் கெடக்கான் கிறுக்கன், அதான் நான் குடிச்சிட்டேன்ல" என்று வைத்திலிங்கம் எல்லோரையும் சமாதானப்படுத்தினார். பந்திக்குக் கூப்பிட்டோம். "சுகர் இருக்கு ராசாங்கம், மாத்திரை போட்டுட்டு வூட்லதான் சாப்புடணும்" என்று காரில் ஏறினார். ஏறியதும் தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். கை கூப்பி நின்று வழியனுப்பினேன். எவ்வளவு பெருந்தன்மை!

பரணி சமையல் கொட்டகையில் நின்றிருந்தான். சமையல்காரர் செல்லக்கண்ணுவை விசாரித்துக்கொண்டிருந்தான்.

"சாம்பாருல ரெண்டு கரண்டி நெய்யி. ரசம் நெய்யிலதான் தாளிச்சது. கூட்டுல பாலு. பாயசத்த கேக்கவே வேணாம்."

"அப்பளம்?"

"அப்பளம் தாராளமா சாப்புடுங்க" என்றார் செல்லக்கண்ணு.

அறுபது பேர் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்திக்கு ஆள் உட்காரும்போது அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விருந்து நாளிலும் விடாமல் தன் பழைய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆலை அதிகாரிகள் வருகிறார்கள், கிரானைட் மேடையில் அது வேண்டாம் என்று அந்தப் பானையைக் காலையில் நான்தான் அங்கே தள்ளி வைத்திருந்தேன். அவருக்கு எதிரில் வெறும் தரையில் சம்மணம் போட்டு பரணி உட்கார்ந்திருந்தான்.

"இதுல மோரு ஊத்திருக்கீங்களா?"

"மோருக்கு எங்கங்க போறது? உப்புதான்."

"அப்ப எனக்கும் போடுங்கப்பா."

அப்பா தயங்கினார். "நேத்துச் சோறு தம்பி."

"தெரியுதுங்க. போடுங்க."

அப்பா பானைக்குள் கையை விட்டார். சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்து, அந்தத் தண்ணீரையே மேலே ஊற்றினார். பரணி சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டான். ஒன்பது வருடமாக இதற்காகவே பட்டினி கிடந்தவன் மாதிரி சாப்பிட்டான். தட்டைத் தூக்கித் தண்ணீரையும் குடித்துவிட்டு மறுபடி நீட்டினான்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"பாலு அவங்க எப்பவும் குடிச்சாங்கடா. அவங்க மாடு வாங்குறதுக்கு முன்னாடி பத்து வருசம் நம்ம மாட்டுப் பாலுதான் அந்த வூட்டுக்குப் போச்சு. பால்ல தீட்டு ஒட்டாதாம். தண்ணியும் சோறும்தான் ஆவாது." பிறகு பரணியின் பக்கம் திரும்பி, "இன்னொரு கை வச்சிக்கப்பா" என்றார்.

வைத்துக்கொண்டான். அப்பா பானையை என் பக்கம் லேசாகச் சாய்த்தார்.

"ஒனக்கும் ஒரு கை போடவாடா?"

சட்டையைப் பார்த்தேன், புதுச் சட்டை. உள்ளே அதிகாரிகள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். "ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்கப்பா, அப்புறம் பாக்கலாம்" என்றேன். அப்பா பானையை நேராக்கிக்கொண்டார். பரணி தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வெட்கமாக இருந்தது. இருந்தாலும் உள்ளே போய் அதிகாரிகளுக்கு நெய் பரிமாறினேன்.