சுவீடன் வண்டியும் என் தங்கையின் பாட்டும்

போன வாரம் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா மீட்டிங். பத்தாம் வகுப்புப் பெண்கள் சிலர் தாங்களே ஒரு பாட்டு எழுதி, தாங்களே மெட்டும் போட்டிருந்தார்கள். திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதைப் பற்றிய பாட்டு. கேட்டேன். சிரித்தேன். நன்றாகவே இருந்தது.

கணக்கு டீச்சர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "சொந்தப் பாட்டையெல்லாம் யாரு டீச்சர் கேப்பாங்க? சினிமா பாட்டு போடுங்க, கைத்தட்டல் கியாரண்டி."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ரேடியோவில் வராதது ஒரு பாட்டா? இசைத்தட்டில் ஏறாதது ஒரு குரலா? நாம் அப்படித்தான் பழகிவிட்டோம்...

எனக்கோ அந்த மீட்டிங்கில் வேறு ஆட்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். எங்கள் லேத் பட்டறை வாசலில் குந்தி, இறால் தொக்கு சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய "இன்னும் கொஞ்சம்" என்று கேட்ட சுவீடன்காரர்கள். அவர்களைப் பற்றி உங்களுக்கு இத்தனை நாளாக எழுதாமல் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டை ஒட்டி என் அப்பாவின் பட்டறை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம் – ஆந்திரா பக்கத்தில் இருக்கிறதே, ஒட்டிக்கொண்டது. நான் கல்யாணமாகி திருவள்ளூர் பக்கம் மணவாள நகர் வந்துவிட்டேன். தங்கை மல்லிகாவுக்குப் போன வருஷம்தான் சூளூர்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே லீவு போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

போனால், பட்டறை வாசலில் ஒரு பழைய வேன். உடம்பெல்லாம் பூவும் சூரியனும் வரைந்திருக்கிறது. பின் ஆக்ஸில் இரண்டாக உடைந்து கிடக்கிறது. பக்கத்தில் மூன்று வெள்ளைக்கார ஆண்கள், இரண்டு பெண்கள். அதில் ஒருவர் வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது, அவ்வளவு உயரம். தாடி வேறு. அவர் பெயர் பெர். வயலின் பெட்டியைத் தோளில் மாட்டியிருந்த பெண் ஆன்னா.

அம்மா என்னைப் பார்த்ததும் புலம்ப ஆரம்பித்தாள். "பாரு வசந்தா, கல்யாணத்தை வெச்சிக்கினு உங்க நைனா செய்ற வேலையை. பந்தக்காலு நடணும், பத்திரிகை குடுக்கணும். இவரு வெள்ளைக்காரன் வண்டியைக் கழட்டிக்கினு குந்திகினுகீறாரு."

நைனா தலையைத் தூக்கவில்லை. "நடு ரோட்ல நின்னுபோச்சி. இன்னா செய்ய சொல்ற? பாவம், எங்கேந்தோ வந்துகீறாங்க."

எங்கேயிருந்தோதான். சுவீடனில் கிளம்பி, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று ரோடு வழியாகவே டில்லி வந்து, கல்கத்தா போய், மெட்ராஸுக்கு வரும் வழியில் எங்கள் ஊர் மேட்டில் வண்டி படுத்துவிட்டது. வீட்டில் இங்கிலீஷ் பேசுகிற ஆள் நான்தான். ஆகவே மொழிபெயர்ப்பு வேலை எனக்கு.

"நீங்க எல்லாரும் என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டேன். டூரிஸ்ட் என்பார்கள் என்று நினைத்தேன்.

"பாட்டுக்காரர்கள்" என்றாள் ஆன்னா.

அவள் சொன்ன கதை இது. அவள் ஊரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் செய்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பாடுவாள். குரலைக் கேட்டு இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். குரல் பிரமாதம், ஆனால் சுவீடன் மொழியில் பாடினால் விற்காது, இங்கிலீஷில் பாடு, பாட்டை நாங்கள் தருகிறோம் என்றார்.

"எனக்கு அழுகை வருவது என் மொழியில். பாட்டு மட்டும் எப்படி இங்கிலீஷில் வரும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாளாம்.

அப்புறம்? அப்புறம் இந்த நண்பர்கள் சேர்ந்தார்கள். பாட்டை அவர்களே எழுதினார்கள். பதிவுக்கு ஒரு பழைய கொட்டகை. இசைத்தட்டுக்கு அட்டை வெட்டி, படம் அச்சடித்து, பசை தடவி ஒட்டியதும் அவர்களே. கடைக்காரர்கள் அதை வைக்க மாட்டோம் என்றார்கள். பையில் போட்டுக்கொண்டு, பாடுகிற இடத்திலேயே விற்றார்கள். பாட்டு எதைப் பற்றி? வீட்டு வாடகை ஏறியதைப் பற்றி. மூடப்போகும் மில்லைப் பற்றி. பெண்ணுக்கு மட்டும் ஏன் குறைந்த கூலி என்று.

"நாங்கள் மட்டும் இல்லை, எங்கள் நாட்டில் இப்போது நிறையப் பேர் இப்படித்தான்" என்றார் பெர். தாத்தா காலத்து வயலின் மெட்டை எலெக்ட்ரிக் கிடாரில் வாசிக்கிறவர்கள், பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் நாடகத்தோடு பாடுகிறவர்கள், 'பெண்களுக்கு டிரம்ஸ் வராது' என்று யாரோ சொன்னதற்காகவே டிரம்ஸ் கற்றுக்கொண்டு மேடை ஏறிய பெண்கள்... கோடையில் ஒரு பூங்காவில் எல்லோரும் கூடுவார்களாம். டிக்கெட் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவரும் மேடை ஏறி வாசிக்கலாமாம்.

நான் இதை நைனாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அப்போ அவங்களும் சொந்தமா பட்டறை வெச்சிருக்காங்கன்னு சொல்லு" என்றார். இதைவிடச் சுருக்கமாக நான் சொல்லியிருக்க முடியாது.

ஆவடிக்கு ஆள் அனுப்பி எஃகுக் கம்பி வரவழைத்து, நைனா ஆக்ஸிலைக் கடைசல் போட ஆரம்பித்தார். லேத் ஓடிக்கொண்டே இருந்தது. மல்லிகாதான் அவர்களுக்கு நாஷ்டாவும் சாப்பாடும் கொண்டுபோவாள்.

ஒரு நாள் ஆன்னா என்னிடம் சொன்னாள். "உன் தங்கை நன்றாகப் பாடுகிறாளே."

எனக்குப் புரியவில்லை. மல்லிகாவா? பெண் பார்க்க வந்தபோது ஒரு சாமி பாட்டு பாடினாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. லேத் ஓடும்போது அதன் பக்கத்தில் நின்று பாடுவாளாம். அந்தச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று. வருஷக்கணக்காக இப்படி. அதுவும் அவளே கட்டிய பாட்டு. நைனாவுக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் வேனுக்குள் உட்கார்ந்து, ஆன்னா வயலின் வாசிக்க, இவள் பாட... இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வரும்.

இப்போது சம்பந்தியம்மா. மாப்பிள்ளையின் அம்மா. சிறு வயதிலேயே கணவரை இழந்து, தனியாகப் பிள்ளையை வளர்த்து, ரயில்வேயில் கிளார்க் ஆக்கியவர். சீர், நகை எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "ரிசப்ஷனுக்கு மெட்ராஸ் ஆர்கெஸ்ட்ரா வைக்கணும். எங்க ஜனம் மொத்தத்துக்கும் சொல்லிட்டேன்."

நைனா ஏற்பாடு செய்திருந்தார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் பக்கத்து பெட்ரோல் பங்குக்கு ஆர்கெஸ்ட்ராக்காரரின் போன் வந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம், இங்கே வர முடியாது, மன்னிக்கவும்.

நைனா கல்யாணச் சத்திரத்து வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைக்கூட செய்ய முடியலயே வசந்தா. நாளைக்கு அங்க போய் மல்லிகா எப்படித் தலை நிமிர்ந்து நிப்பா?"

நான் வேன் பக்கம் ஓடினேன்.

பெர் விஷயத்தைக் கேட்டார். "என்ன பாட வேண்டும்?"

"சினிமா பாட்டு. ஹிந்தியா இருந்தாலும் பரவாயில்ல."

"மற்றவர்கள் பாட்டு எங்களுக்குத் தெரியாதே" என்றார். பொய் இல்லை, பிகு இல்லை. நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார். ஆன்னா எழுந்து வயலினை எடுத்தாள். "எங்கள் பாட்டு இருக்கிறது. வருகிறோம்."

அன்று சாயங்காலம் ரிசப்ஷன். சத்திரம் நிறைய ஜனம். மேடையில் மாப்பிள்ளையும் பொண்ணும். பக்கத்தில் வேஷ்டி கட்டிய மூன்று வெள்ளைக்காரர்கள்... பெண்கள் இருவரும் அம்மாவின் புடவையில். ஜனம் எட்டி எட்டிப் பார்த்தது.

ஆன்னா வயலினைத் தோளில் வைத்து வாசித்தாள். அவர்கள் ஊரில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற மெட்டாம் அது. ஒரு மாதிரி குதித்துக் குதித்துப் போகிறது. கால் தானாக ஆடுகிறது. மறுநாள் முகூர்த்தத்துக்கு வந்திருந்த தவில்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். தவிலை மடிக்கு இழுத்தார். அவ்வளவுதான், சத்திரம் கிளம்பிவிட்டது. பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த எங்கள் சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட வந்துவிட்டார்.

சம்பந்தியம்மா மட்டும் ஆடவில்லை, அசையவில்லை. நிறுத்தியதும் கேட்டார். "மேளம் நல்லாத்தான் கீது. பாட்டு எங்க? ஒரு வார்த்தைகூட புரியல. எங்க ஜனத்துக்கு நான் இன்னா சொல்றது?"

நான் ஆன்னாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மணமேடையைப் பார்த்தாள்.

நைனா எழுந்தார். சபையில் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. "சம்பந்தியம்மா... எம் பொண்ணு பாடுவா. அவளே கட்டின பாட்டு. நீங்க சரின்னா பாடட்டும்."

பெண் பார்க்கும்போது பாடு, பாடு என்று கேட்கிற நாம், அதற்கப்புறம் ஒரு பெண் வாயைத் திறந்தால் என்ன சொல்வோம்? மணப்பெண் மைக் பிடிப்பதாவது. சூளூர்பேட்டை ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

சம்பந்தியம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மல்லிகா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் மைக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் பாடினாள்.

"சூடா ஒரு டீ குடிச்சி
சுவீடன்லேந்து வந்த வண்டி
கும்மிடிப்பூண்டி மேட்டுல வந்து
குந்திக்கிச்சே, இன்னா பண்ண?"

முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் பத்து. அப்புறம் சத்திரமே. ஆன்னாவின் வயலின் பின்னால் வந்தது, பெர் கிடார் சேர்ந்தது. 'இன்னா பண்ண?' என்ற இடம் வரும்போதெல்லாம் ஜனமே பாடியது. லேத் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த அந்தக் குரலை நான் அப்போதுதான் முழுசாகக் கேட்கிறேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்...

மெட்டு மெதுவாகியது. இந்த அடி ஆன்னாவுக்கும் புதுசு போலிருக்கிறது. வயலினைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சூளூர்பேட்டை ரயிலு ஏறி
நாளைக்கு நானும் போகப் போறேன்
பாதி வழியில நின்னுபோனா
பட்டறைக்குச் சொல்லி அனுப்பு நைனா."

நைனா தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோர் கண்ணும் சம்பந்தியம்மா மேல்.

அவர் எழுந்தார். மேடைக்கு நடந்து போனார். மல்லிகாவின் எதிரில் நின்றார்.

"நீ நின்னுபோனா உங்க நைனாவுக்கு எதுக்குச் சொல்லி அனுப்பணும்? நான் இன்னாத்துக்குகீறேன்? தள்ளமாட்டனா?"

ஜனம் ஆரவாரித்ததில் மைக் செட் கீச்சிட்டது. ஆன்னா என் தோளை உலுக்கி "என்ன சொன்னார், என்ன சொன்னார்" என்று கேட்கிறாள். நான் எங்கே மொழிபெயர்க்க? அழுதுகொண்டல்லவா இருந்தேன்.

மறுநாள் தாலி கட்டியதும் சுவீடன் வேன் நைனா போட்ட புது ஆக்ஸிலோடு மெட்ராஸ் கிளம்பியது. கூலி டப்பு வேண்டாம் என்றுவிட்டார் நைனா. அவர்கள் ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அதைப் போட மெஷின் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கிறோம்.

மல்லிகா சூளூர்பேட்டையில் சௌக்கியம். மாமியாரைக் கிண்டல் செய்தே ஏழெட்டுப் பாட்டு கட்டிவிட்டாள் என்று கேள்வி. வீட்டுக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, அந்தப் பாட்டையெல்லாம் பாடச் சொல்வது யார் தெரியுமா?

மாமியாரேதான் – அதுவும் மருமகள் ஒரு அடி மறந்தால் எடுத்துக் கொடுக்கிறாராம்.