வியாழக்கிழமை கிளப்பும் என் வாயும்

"பெடியன் ஒருத்தனும் இல்லை, பயப்பிடாதேயும்" என்று ஒரு தாய்க்கு ஆறுதல் சொல்லப் போய், அவளுடைய மகளின் வாழ்க்கையைத் தலைகீழாக்கிவிட்டேன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு ஹைஸ்கூல் ஒபிஸில் பத்தொன்பது வருஷம் செக்ரட்டரியாக இருந்தேன். அந்தக் காலத்தில் நான் செய்த பிழைகளில் பெரியது அதுதான்.

புதிதாக ஒபிஸ் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சிலர் என்னிடம் ரிப்ஸ், யோசனை கேட்கிறார்கள். போட்டோகொப்பி மெஷின் எந்த இடத்தில் பேப்பரைக் கடிக்கும் என்பதை நீங்களே ஒரு கிழமையில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தப் பிழையில் நான் படித்ததைத்தான் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

1. ஆறுதல் சொன்ன கதை

எங்கள் ஸ்கூலில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். ஒபிஸில் தமிழ் கதைக்கிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் பெற்றோருக்கு நான் 'ஒபிஸ் அக்கா'. பிள்ளை இன்றைக்கு வராது என்பதில் தொடங்கி, எந்த டென்ரிஸ்ட் நல்லவர் என்பது வரைக்கும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை.

மலர் அப்படி அடிக்கடி போன் எடுப்பவள். யாழ்ப்பாணத்து ஆள், ஒரு பேக்கரியில் வேலை. மகள் அபிஷா கிரேட் பன்னிரண்டு, கெட்டிக்காரி. ஒரு வெள்ளிக்கிழமை காலை மலர் எடுத்தாள்.

"அக்கா, உவள் வியாழக்கிழமையெண்டால் பிந்தித்தான் வாறாள். கேட்டா ஸ்கூலில நிண்டனான் எண்டுறாள். உண்மையாய் அங்கதான் நிக்கிறாளோ? எவனோடயும் சுத்துறாளோ எண்டு எனக்கு நெஞ்சு பதறுது."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதே கேள்வியை ஒரு வெள்ளைக்காரத் தாய் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால், "மன்னிக்கவும், அதை நாங்கள் சொல்ல முடியாது" என்று மெஷின் மாதிரிச் சொல்லியிருப்பேன். அந்த வசனம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் தமிழில் அப்படி ஒரு வசனம் என்னிடம் இருக்கவில்லை. நெஞ்சு பதறுது என்று ஒருத்தி சொல்லும்போது, சட்டம் கதைப்பது மரியாதையில்லை என்றுதான் என் வாய் பழகியிருந்தது.

"சீச்சீ, பெடியன் ஒருத்தனும் இல்லை, பயப்பிடாதேயும் மலர்" என்றேன். "நிரோஷா மிஸ்ஸின்ர கிளப்பில நிக்கிறாள். இந்தக் கே, லெஸ்பியன் பிள்ளையள் இருக்கினம்தானே, அவையளுக்கெண்டு நடக்கிற கிளப். பீட்சா வந்தா அவள்தான் ஒபிஸுக்கு வந்து வாங்கிக்கொண்டு போறவள். தங்கமான பிள்ளை."

 

"உவள் ஏன் அங்க போறாள்?" என்று மலர் கேட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

நான் எதைச் சொல்லிவிட்டேன் என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. சும்மா உதவிக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு என்று ஏதோ உளறினேன். அவள் "சரி அக்கா" என்று வைத்துவிட்டாள்.

2. நிரோஷாவின் வகுப்பறை

திங்கட்கிழமை அபிஷா ஒபிஸைத் தாண்டிப் போனாள், வழக்கமாகச் சொல்லும் "ஹாய் அன்ரி" இல்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. அடுத்த மணித்தியாலத்தில் அவளுடைய தகப்பன் வந்து நின்றார். மிசிசாகாவில், எயார்போர்ட் பக்கம் வேலை செய்பவர், ஸ்கூல் வாசல் மிதித்ததே குறைவு. மகளை விட்பியில் இருக்கும் தன் தமக்கை வீட்டில் விட்டு, அங்கே உள்ள ஸ்கூலுக்கு மாற்றப்போகிறாராம். அதற்குரிய போர்ம் வேண்டும் என்றார். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். கடைசி வருஷம், யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கிற நேரம், ஒருவரையும் தெரியாத இடத்துக்கு அந்தப் பிள்ளை போகப்போகிறது. காரணம் என் வாய்.

மத்தியானம் நிரோஷாவின் வகுப்பறைக்குப் போனேன். நிரோஷா கணக்கு ரீச்சர், பிக்கரிங்கிலிருந்து வருபவள். ஐந்து வயதில் கனடாவுக்கு வந்தவள் என்றாலும் தமிழ் நல்லாகக் கதைப்பாள். அந்தக் கிளப்பைத் தொடங்கியதும் அவள்தான். முதல் வருஷம் மூன்றே மூன்று பிள்ளைகள். அந்த மூவருக்காகவும் ஒவ்வொரு வியாழனும் கதவைத் திறந்து வைத்திருந்தாள். அவளும் அந்தப் பிள்ளைகள் மாதிரித்தான் என்பது ரீச்சர்மாருக்குத் தெரியும், தமிழ்ப் பெற்றோருக்குத் தெரியாது.

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். அவள் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை இப்ப எங்க நிக்கிறாள்?" என்பது. லைப்ரரியில் என்றேன். தன் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே மூடினாள்.

"அக்கா, அழுறதுக்குப் பிறகு நேரம் இருக்கு. இப்ப வைஸ் பிரின்சிபலிட்டப் போய், நீங்கள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ. நான் அபிஷாவிட்டப் போறன்."

போய்ச் சொன்னேன். வைஸ் பிரின்சிபல் கறாரான மனுஷி. முழுவதையும் எழுதி, என் கையெழுத்தை வாங்கிக் கோப்பில் போட்டார். அது சரிதான்.

பின்னேரம் அபிஷாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கத்தவில்லை.

"அன்ரி, அம்மாக்கு நான் சொல்ல இருந்தனான். என்ர பேர்த்டேக்குப் பிறகு. எப்பிடிச் சொல்லுறதெண்டு நிரோஷா மிஸ்ஸோட பிராக்டிஸ் கூடப் பண்ணினனான். அது என்ர ஸ்டோரி. நீங்கள் சொல்லிட்டீங்கள். சொறி எண்டா அது திரும்பி வராது."

பதினேழு வயதுப் பிள்ளை. அவள் சொன்னது சரி.

3. நான் மொழிபெயர்த்த கூட்டம்

புதன்கிழமை காலை கூட்டம் வைத்தார்கள். அபிஷாவின் விருப்பத்தைக் கேட்டுத்தான் வைத்தார்கள். தான் உள்ளே இருக்க மாட்டேன், நிரோஷா மிஸ் இருந்தால் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். வைஸ் பிரின்சிபல் வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எடுக்கப் பார்த்தார். மலர்தான், "வேண்டாம், எங்கட ஒபிஸ் அக்கா இருக்கட்டும்" என்றாள். அந்த 'எங்கட' எனக்குச் சுட்டது.

தகப்பன் நேரே நிரோஷாவைப் பார்த்துத் தொடங்கினார்.

"பிள்ளையைப் படிக்க அனுப்பினால், நீங்கள் உந்தக் கண்டறியாத கிளப்பிலை இருத்தி மனதைக் கெடுத்துப்போட்டியள். எங்கட ஆக்களுக்கு உப்பிடியொண்டு இல்லை."

அதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நிரோஷா முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் ஒருத்தரையும் ஒண்டாயும் மாத்தேல்லை. கிளப்புக்கு வர முதலே அபிஷா அபிஷாதான். மதியச் சாப்பாட்டை வோஷ்ரூமுக்கை இருந்து சாப்பிட்டவள். இப்ப சிநேகிதியளோட மேசையில இருந்து சாப்பிடுறாள். எங்கட கிளப் செய்தது அதுதான்."

மலர் தலை நிமிர்ந்தாள். மகள் கழிவறைக்குள் இருந்து சாப்பிட்ட கதை அவளுக்குப் புதிது.

"உமக்கென்ன பிள்ளை, ஊர்ப் பிள்ளையளுக்குச் சொல்லுறது சுகம்" என்றாள். "நீரும் தமிழ்ப் பிள்ளைதானே. உம்மட அம்மா அப்பாக்கு இப்பிடி வந்திருந்தா அவை என்ன செய்திருப்பினம்?"

நான் மொழிபெயர்த்ததும் வைஸ் பிரின்சிபல் நிரோஷாவின் பக்கம் திரும்பி, இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை என்றார். தெரியும் என்று நிரோஷா தலையசைத்தாள். அந்த அறையை விட்டு அவளுடைய பதில் வெளியே போனால் ஒரு கிழமையில் ஸ்காபரோ முழுக்கப் போய்ச் சேரும் என்பதும் அவளுக்குத் தெரியும். எங்கள் ஆட்களைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"வந்ததுதான், அன்ரி" என்றாள். "நானும் அபிஷா மாதிரித்தான். என்னோட வீட்டில இருக்கிறவ என்ர மனிசி, நான் கலியாணம் கட்டினவ. அம்மாக்குச் சொன்ன நேரம் மூண்டு வருஷம் என்னோட கதைக்கேல்லை. இப்ப ஞாயிறு தவறாமல் வாறா, எங்கள் ரெண்டு பேருக்கும் சமைச்சுத் தாறா. அந்த மூண்டு வருஷத்தை நினைச்சு இப்பவும் அழுவா. உங்களுக்கு அந்த மூண்டு வருஷம் வேண்டாம் எண்டுதான் இதைச் சொல்லுறன்."

நான் மொழிபெயர்க்க மறந்து இருந்துவிட்டேன். வைஸ் பிரின்சிபல் என் கையைத் தட்டித்தான் நினைவுபடுத்தினார்.

தகப்பன் எழும்பினார். "விட்பிக்குப் போனா எல்லாம் சரிவரும்" என்றார்.

"அங்க போனாலும் அவள் இதே அபிஷாதான், அங்கிள். பக்கத்தில தெரிஞ்ச ஆக்கள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

போர்ம் மேசையில் கிடந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. தகப்பன் பேனையைத் தேட, மலர் போர்மை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.

4. ரத்தான நேரங்கள்

நிரோஷாவின் கதை பரவ ஒரு கிழமை எடுக்கவில்லை. நாலு நாள்தான். யார் மூலம் போனதோ தெரியாது, இந்த முறை என் வாயால் இல்லை.

அடுத்த கிழமை வியாழன் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பு. மாலை நேரம் ஸ்கூல் ஜிம் மண்டபத்தில் மேசை போட்டு ரீச்சர்மார் இருப்பார்கள், ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிஷம். தமிழ்ப் பெற்றோருக்கு நேரம் போட்டுக் கொடுப்பது என் வேலை. நிரோஷாவின் நேரங்கள்தான் எப்போதும் முதலில் நிறையும். கணக்கில் விழுந்த பிள்ளையைத் தூக்கி எடுப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். இந்த முறை ஒவ்வொருவராகப் போன் எடுத்து ரத்துச் செய்தார்கள்.

"அக்கா, உந்த மிஸ் அப்பிடியாம், உண்மையோ?" என்று ஒரு தாய் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒருத்தரின்ர வீட்டுக் கதையை நான் சொல்லேலாது, தங்கச்சி" என்றேன். "கணக்கு வடிவாய்ப் படிப்பிப்பா. அது உண்மை."

முதல் தடவை அதைத் தமிழில் சொல்ல நாக்குக் கூசியது. பத்தாவது தடவையில் பழகிவிட்டது. என்ன செய்ய, எனக்கு அந்தப் பாடம் வர ஒரு பிள்ளையின் கண்ணீர் தேவைப்பட்டது.

ரத்துப் பட்டியலை நிரோஷாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, "நல்லதாய்ப் போச்சு, ரெஸ்ற் பேப்பர் திருத்த நேரம் கிடைச்சிருக்கு" என்று சிரித்தாள். ஆனால் பட்டியலை மடிக்கும்போது இரண்டு தரம் பிழையாக மடித்தாள். அவளுக்கு நோகவில்லை என்று நான் நினைக்கவில்லை. நொந்துகொண்டே அடுத்த வகுப்புக்கு நேரத்துக்குப் போனாளே, அதற்குத்தான் நான் அவளைக் கும்பிடுகிறேன். கிளப்பும் நிற்கவில்லை. அபிஷாவின் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. மணி அடித்ததும் மலர் காரோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

சந்திப்பு நாளில் ஜிம் நிறையச் சனம். ஆங்கில ரீச்சருக்கு வரிசை, விஞ்ஞான ரீச்சருக்கு வரிசை. நிரோஷா மட்டும் தன் மேசையில் தனியே பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போன தமிழ்ப் பெற்றோர் சுவரில் தொங்கிய விளையாட்டுப் போட்டிக் கொடிகளைப் பார்த்தபடி போனார்கள்.

ஆறரை மணி போல மலர் வந்தாள். விசேஷத்துக்குப் போகிறவள் மாதிரிச் சேலை உடுத்து, பொட்டு வைத்து வந்திருந்தாள். வாசலில் இருந்த என் மேசைக்கு நேரே வந்து போர்மை வைத்தாள். கையெழுத்து இல்லை.

"இது வேண்டாம் அக்கா. பிள்ளை இஞ்சதான் படிச்சு முடிப்பாள். தகப்பன் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் திரியிறார், நான் பாத்துக்கொள்ளுறன். நிரோஷா மிஸ்ஸிட்ட எனக்கு ஒரு நேரம் போடுங்கோ."

"மலர், அபிஷா அவவின்ர வகுப்பில இல்லையே" என்றேன்.

"தெரியும்."

நேரம் போட்டேன். மலர் ஜிம்மின் நடுவால் நடந்து போய், நிரோஷாவின் மேசைக்கு முன்னால் கிடந்த வெறுங் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நிரோஷா பேனையை வைத்துவிட்டு எழும்பி நின்றாள். இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஒரு தரம் மலர் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். பிறகு இருவரும் சிரித்ததையும் கண்டேன். பத்து நிமிஷம் முடிந்தது, இருபது ஆனது, மலர் எழும்பவில்லை. மற்றத் தமிழ் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வெளியே வந்தாள்.

"உவ்வளவு நேரம் என்ன கதை?" என்று என் வாய் கேட்டே விட்டது. திருந்தாத வாய்.

"கதை அரைவாசி நேரத்தில முடிஞ்சுது" என்றாள் மலர். "மிச்ச நேரம் சும்மா இருந்தனான். எங்கட சனம் எல்லாரும் வடிவாய்க் காணட்டும் எண்டு."

ஒபிஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு பிள்ளை தன்னைப் பற்றி யாருக்கு, எப்போது சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் கையில் உள்ளது. 'சொல்ல முடியாது' என்பதை ஆங்கிலத்தில் மட்டும் படித்து வைக்காமல், உங்கள் தாய்மொழியிலும் சொல்லிப் பழகுங்கள். என் பிழைக்கு விலை கொடுத்தவள் நிரோஷா. அதைத் தன்னால் முடிந்த அளவு அடைத்தவள் மலர். நான் செய்தது ஒன்றே ஒன்று: அவள் போன பிறகு, ரத்துச் செய்திருந்த ஒரு தாய் மெல்ல என் மேசைக்கு வந்து, "அக்கா, நிரோஷா மிஸ்ஸிட்ட நேரம் இன்னும் இருக்கோ?" என்று கேட்டபோது, ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்காமல் பெயரை எழுதினேன்.