நான் படித்துப் பார்த்த மனு

அரசியலைப் பற்றி மேடையில் பேசியவர்கள் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். அது என்னவென்று எனக்கு விளங்கும்படி ஒருவரும் சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் போல அதையும் நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காலத்தில் மலாக்காவின் காஜா பெராங்கில் பதினோரு கறவை மாடு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஒரே ஒரு கிடாரியோடு தொடங்கினேன். கைதூக்கிவிட அண்ணனும் இல்லை, மாமனும் இல்லை. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தேன். பிறகு பழைய தமிழ்ப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படிக்கப் பழகினேன். விடியற்காலையில் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் டின்னைக் கட்டிக்கொண்டு தெங்கேரா, கிளேபாங் என்று சுற்றி, வெயில் ஏறுவதற்குள் ஊற்றி முடித்துவிடுவேன். தண்ணீர் கலக்காதவன் என்று வெள்ளைக்காரத் துரை வீட்டிலேயே பெயர் வாங்கியவன். அந்த வீட்டு அம்மாவிடம் "குட் மார்னிங் மேடம், மில்க் குட்" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்வார். இந்த நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. அவர்களுக்கு அதுவும் தெரியாது.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. கடற்கரைத் திடலில் அதை அறிவித்த நாளில் நானும் போய்க் கூட்டத்தில் நின்றேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மலாய்க்காரர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுதந்திரத்துக்கு மலாயில் சொல்லும் 'மெர்டேகா'வைத் தொண்டை வற்றக் கத்தினேன். மேடை, ஒலிபெருக்கி, மாலை, கொடி, இதுதான் அரசியல் என்று நினைத்திருந்தேன். பார்த்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மாட்டுக்குப் புல் போட்டேன்.

எங்கள் கொட்டகைகள் பெரிய ரோட்டுக்குப் பின்னால் பள்ளமான ஓர் இடத்தில் இருந்தன. இருபது குடும்பங்கள் மாடு வைத்திருந்தோம். சுற்றிலும் புது வீடுகள் எழும்பின. அங்கே குடிவந்தவர்களுக்குச் சாண வாடை பிடிக்கவில்லை. மாடுகளை ஊருக்கு வெளியே ஓட்டப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. வெளியே போய்விட்டால் எங்கள் கதை முடிந்தது. வெயிலுக்கு முன்னால் வாசலுக்குப் போய்ச் சேராத பால் திரிந்துவிடும். திரிந்த பாலை யார் வாங்குவார்?

எங்களில் படித்தவன் ஒருவன் இருந்தான். வக்கீல் ஆபீசில் கிராணி, எழுத்து வேலை பார்க்கிற குமாஸ்தா. என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அவன் பிள்ளை என் மாட்டுப் பாலில் வளர்ந்தது. அவன்தான் யோசனை சொன்னான்.

"மனு ஒண்ணு போட்டுடுவோம்ணே. மாடு இங்கேயே இருக்கணும், கூட ஒரு தண்ணிப் பைப்பும் வேணும்னு எழுதிடறேன்."

"இதுல அரசியல் கிரசியல் வந்துடாதே, தம்பி?"

"மாட்டுக் கொட்டாய்ல என்னாண்ணே அரசியல்? அதெல்லாம் கோலாலம்பூர்ல இருக்கு. இது சாணி விஷயம்."

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டச்சு அடித்த தாளோடு வந்தான். அத்தனை பேரும் சுற்றி நிற்க, தாளை என் கையில் கொடுத்தான்.

"அண்ணனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்க. அப்புறம் கிராணி என்னமோ எழுதிட்டான்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

வாங்கினேன். இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டினேன். பாதியில் நிறுத்தி, நெற்றியைச் சுருக்கி, மறுபடி மேலேயிருந்து ஓட்டினேன். ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்த வார்த்தை கொஞ்சம் காரமா இருக்கே" என்று கூடச் சொன்னேன்.

"மாத்திடலாமாண்ணே?"

"வேணாம், இருக்கட்டும். காரமா இருந்தாத்தான் உறைக்கும்."

மூன்று மாடு வைத்திருந்த ஓர் அக்கா மட்டும் முன்னால் வந்தார். புருஷன் போன பிறகு தனியாளாகக் கறந்து, தனியாளாக ஊற்றியவர். லேசில் யாரையும் நம்பமாட்டார்.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்க்கா."

"முழுசும்?"

"முழுசும்தான். நான் சொல்றேன்ல, வைங்க கைய."

கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். முதல் கையெழுத்து என்னுடையது, தமிழில், மற்ற எல்லாருடையதையும்விடப் பெரிதாக.

சில மாதம் கழித்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, மாடுகளைக் கிளப்ப நாள் குறித்த நோட்டீசை ஒட்டினார். நான் சத்தம் போட்டேன். "நீங்களே கேட்டுக்கொண்டதுதானே?" என்றார் அவர். நேராக வக்கீல் ஆபீஸ் வாசலுக்குப் போனேன். கிராணி வெளியே வந்தான். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"எப்படியும் கிளப்பத்தான் போறாங்கண்ணே. சண்ட போட்டா ஒண்ணும் கிடைக்காது. நாங்களாவே போறோம், எங்களுக்காக இவர் பேசுவார்னு என் பேரப் போட்டு எழுதியிருக்கேன். ஒத்துப்போனா நம்மள மதிப்பாங்க."

"நம்மளயா, உன்னையா?"

"நீங்க படிச்சீங்களேண்ணே. எல்லாரும் பாத்தாங்களே."

மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னான். அப்போதுதான் விளங்கியது. எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது என்று அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் தாளை அத்தனை பேர் முன்னால் என் கையில் கொடுத்தான். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால், தெரியாதுப்பா, வாசித்துக் காட்டு என்று கேட்டிருப்பார்கள்.

"இதுதாண்டா அரசியலா?"

"இல்லண்ணே, இது நிர்வாகம்."

பிற்பாடு ஒரு கட்சி அவனை முனிசிபல் தேர்தலில் நிறுத்தியது. இருபது குடும்பத்தைச் சண்டையில்லாமல் கிளப்பியவன் என்று பெயர்.

இருபது குடும்பத்துக்காகப் பேசுகிற வாய் ஒருவனிடம் போய்ச் சேருகிறதே, அதுதான் அரசியல். அதை நான் திடலில் பார்த்ததாக நினைத்தேன். அது நடந்தது எங்கள் கொட்டகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்த நேரத்தில். தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான். எனக்குத் தெரியவில்லை.

நோட்டீஸ் ஒட்டியதோடு எங்கள் ஆட்கள் விட்டுவிடவில்லை. முனிசிபல் ஆபீசுக்கே போய்க் கேட்போம் என்றார்கள். அக்காவோடு ஐந்தாறு பேர் போனோம். அங்கே இருந்த மலாய்க்காரக் கிராணி நல்ல மனிதர். மனுவை எடுத்து வரிவரியாக மலாயில் சொன்னார். தண்ணிப் பைப் என்ற பேச்சே அதில் இல்லை. பிறகு முதல் கையெழுத்தைக் காட்டி என்னைப் பார்த்தார். போட்டவர்கள் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்றால், ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று எழுதிக்கொடுங்கள், மேலதிகாரி துவானிடம் வைக்கிறேன், திரும்பப் பார்ப்பார் என்றார். கேட்டார்:

"பாக்சிக், பாண்டாய் பாச்சா இங்கிரிஸ்?" இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா, ஐயா?

தெரியாது என்பதற்கு மலாயில் ஒரு வார்த்தை போதும். கழுத்துக்குப் பின்னால் அக்கா மூச்சு விடுவது கேட்டது. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போலே" என்றேன். தெரியும் என்று.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு மனுவை மடித்து உள்ளே வைத்தார். அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர் மலாக்காவில் கிடையாது.

வாசலில் அக்கா என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"அப்போ தெரிஞ்சே என் கைய வெக்கச் சொல்லியிருக்கே."

சைக்கிளை இழுத்துப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"என்னாடா குடுத்தான் உனக்கு அவன்?"

"ஒண்ணும் குடுக்கலக்கா."

"அப்போ எதுக்குடா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். விலைபோனவன் என்று பேசிக்கொண்டார்கள். படிக்கத் தெரியாதவன் என்று யாரும் பேசவில்லை.

வக்கீல் ஆபீஸ் கிராணி எனக்குச் செய்தது துரோகம். அதை எந்தச் சபையிலும் சொல்வேன், அவன் மாலையோடு நின்றிருந்தாலும் சொல்வேன். நான் விழுந்துவிடவும் இல்லை. ஊருக்கு வெளியே நிலம் எடுத்தேன், பால் கொண்டுபோக லாரி வாங்கினேன், சொந்தமாக வீடு கட்டினேன். சைக்கிளை நம்பியிருந்தவர்களால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை.

அக்கா மாடுகளை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், கேட்ட விலையைக் கொடுக்கிறேன் என்று ஆள் அனுப்பினேன். மூன்றையும் உஜோங் பாசிரிலிருந்து வந்த ஒருவருக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டார்.