ஒரே டீம், மூன்று தமிழ் வார்த்தை

இன்று ஷார்ஜாவில் ஒரு இன்டோர் கோர்ட். எமிராத்திப் பெண் ஒருத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள்: "தட்டு! தட்டு!"

ஆமாம், நம்ம தமிழேதான்! (சோற்றுத் தட்டு இல்லை.)

நான் புஜைராவில் ஒரு சின்ன அரசுப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் வாலிபால் கோச். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

கோர்ட் ஓரத்தில் நின்றால் எனக்கு இங்கிலீஷ் சுத்தமாக மறந்துவிடும். பந்து கோட்டுக்கு வெளியே போனால் "விடு!" எதிராளி தடுக்க வரவில்லை என்றால் "அடி!" வலைக்குப் பக்கத்தில் இடம் காலி என்றால் "தட்டு!"

நான் கத்திக் கத்தி, பிள்ளைகளும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். எமிராத்தி, எகிப்து, சிரியா என்று யாராக இருந்தாலும் ஆட்டத்தில் இந்த மூன்று வார்த்தைதான். நான் திட்டம் போட்டுச் சொல்லித் தரவில்லை. சத்தியமாகத் தன்னால் வந்தது!

இந்த வருஷம் எங்களை ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட்டார்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்குச் சர்டிபிகேட்டில் பெயர் மாறும், அவ்வளவுதான். விளையாடுகிற பிள்ளைகளுக்கு அப்படியா? லீக்கில் இரண்டு டீம் இருந்த இடத்தில் இனி ஒன்றுதான். கேப்டன் இரண்டு பேர், கோச் இரண்டு பேர், இடம் மட்டும் பாதி!

ஹெட் கோச் அவர்களுடைய ரானியா. ஜோர்டான்காரர், படு கறார். நான் அசிஸ்டென்ட். (விசிலை மட்டும் நான் கழற்றவில்லை!)

வீட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் கேட்டார்.

"எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க? உன் வேல போகலல்லா?"

"என் வேல கெடக்கட்டும். என் பிள்ளைங்க கதி? பெரிய காலேஜ்காரிங்க முன்னால இவளுவள பெஞ்சுல உக்கார வச்சிருவாங்க!"

முதல் பிராக்டிஸிலேயே என் பயம் பலித்தது.

பந்து வெளியே போகிறது. எங்கள் மரியம் "விடு!" என்று கத்துகிறாள். அவர்கள் கேப்டன் ஹெஸ்ஸாவுக்கு என்ன புரியும்? பாய்ந்து வந்து பந்தைத் தொட்டாள். இரண்டு பேரும் முட்டிக்கொண்டு விழுந்தார்கள்.

ரானியா விசில் அடித்தார். "ஒரே டீம், ஒரே பாஷை! இனிமே இங்கிலீஷ் மட்டும்தான். கலாஸ், அவ்வளவுதான்!"

அதோடு எங்கள் பிள்ளைகள் ஊமையாகிவிட்டார்கள். இங்கிலீஷில் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பந்து தரையில் கிடக்கும்.

ரானியா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க பொண்ணுங்க நல்லவங்கதான், ஆனா ரொம்ப ஸ்லோ. பிராக்டிஸ் மேட்ச் முடிஞ்சதும் டீம் அறிவிச்சிடுவேன். உங்க ஆறு பேர்ல ரெண்டு பேரைத்தான் எடுக்க முடியும்னு தோணுது."

அந்த மேட்ச்தான் இன்று. எதிரில் ஒரு தனியார் காலேஜ் டீம். மூன்று செட்.

முதல் செட்டில் செம அடி! நாங்கள் 'தட்டு'க்குப் பதில் "டிப்!" என்று சொன்னால் அவர்கள் முன்னால் வந்து பந்துக்காகக் காத்திருக்கிறார்கள். இங்கிலீஷ், அரபி எல்லாம் அவர்களுக்கும் தெரியுமே!

பிரேக்கில் ஹெஸ்ஸா தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"கோச், நாம என்ன செய்யப்போறோம்னு நாமளே அவங்களுக்குச் சொல்லிட்டிருக்கோம். மரியம் முன்னாடி கத்துவாளே, அது அவங்களுக்குப் புரியாதுல்ல?"

ரானியா என்னைப் பார்த்தார். "எத்தனை வார்த்தை?"

"மூணே மூணுதான்!"

"யல்லா, சீக்கிரம் சொல்லிக் குடுங்க!"

(ரானியா வாயில் 'விடு' என்பது 'ஃபிது' ஆனது. போகட்டும்!)

இரண்டாவது செட்டில் மரியம் "தட்டு!" என்றாள். எதிர்ப்பக்கம் எல்லோரும் பலமான அடிக்காகப் பின்னால் போக, ஹெஸ்ஸா பூப்போலத் தட்டிவிட்டாள். பந்து வலைக்கு அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. வாயடைத்துக் கிடந்த என் பிள்ளைகள் பழையபடி பறந்து பறந்து ஆடினார்கள். செட் எங்களுக்கு!

மூன்றாவது செட் பாதியில் அவர்கள் ஒரு சப்ஸ்டிட்யூட்டை இறக்கினார்கள். சட்டை முதுகில் பெயர்: தேன்மொழி.

தமிழ்ப் பெண்! தொலைந்தோம்! வேறு வார்த்தை சொல்லித் தர நேரமும் இல்லை.

மரியமுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "தட்டு! தட்டு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

தேன்மொழி பின்னால் போனாள். பந்து முன்னால் விழுந்தது.

கோச்சாகத் துள்ளிக் குதித்தேன். தமிழச்சியாக மனசு லேசாகச் சுருக்கென்றது. (துள்ளியதுதான் அதிகம்.)

மேட்ச் எங்களுக்கு! ரானியா அங்கேயே டீமை அறிவித்தார். எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் உள்ளே. மரியம்தான் வைஸ் கேப்டன்.

இடம் கிடைக்காத லைலா என் தோளில் சாய்ந்து அழுதாள். இணைப்பில் இப்படியும் ஒருத்தி வெளியே நிற்கத்தான் செய்கிறாள்.

ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இன்று பெருமை தாங்கவில்லை! பெரிய காலேஜில் என் பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள் என்று பயந்தேன். இப்போது மொத்த டீமும் அவர்கள் பாஷையில் கத்துகிறது!

கிளம்பும்போது தேன்மொழி ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க எல்லாம் கத்தினீங்களே, அது என்ன லாங்வேஜ்? ரொம்ப கூலா இருந்துச்சு!" கேட்டது முழுக்க இங்கிலீஷில்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஹெஸ்ஸா முந்திக்கொண்டாள். "அது தமிழ்! உனக்குத் தெரியாதா? விடுன்னா தொடாதேன்னு அர்த்தம்."

"ஓ! எங்க அம்மா போன்ல பேசுவாங்களே, அதுவா?"

தேன்மொழியின் அம்மா இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குத் தயவுசெய்து தமிழ் சொல்லிக் கொடுங்கள், அக்கா.

ஆனால் லீக் முடிந்த பிறகு!